செசானை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கேள்வி: காட்பாடி வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேர் கூடி, ஆளுக்கொரு பொருளைப் படித்து வந்து பேசும் வழக்கம் சில ஆண்டுகளாக இருந்துவருகிறது. அடுத்த கூட்டம் என்னுடைய முறை. மேற்கத்திய ஓவிய இயக்கங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதாகத் துணிந்து ஒப்புக்கொண்டுவிட்டேன். நான் ஓவியம் பயின்றவள் அல்லள். அந்தப் படங்களை அச்சிலும் கைபேசித் திரையிலும் பார்த்து ரசித்தவள், அவ்வளவுதான்.

பேச்சுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் இயக்கம், காலம், ஓவியர் என்று கோடு போட்டு அட்டவணை எழுதத் தொடங்கினேன். மறுமலர்ச்சிக்கு லியனார்டோ, மைக்கேலாஞ்சலோ, ரஃபேல். பரோக்குக்குக் கரவாஜியோ, ரூபன்ஸ், ரெம்பிராண்ட். இம்ப்ரெஷனிசத்துக்கு மோனே, ரெனுவார், பிசாரோ, டெகா. கியூபிசத்துக்குப் பிக்காசோ, பிராக். சர்ரியலிசத்துக்கு டாலி, மக்ரித் என்று பக்கம் அழகாகத்தான் நிரம்பிவந்தது. செசான் என்ற பிரெஞ்சு ஓவியரிடம் வந்தபோது பேனா நின்றுவிட்டது. ஒரு நூல் அவரை இம்ப்ரெஷனிஸ்டுகளோடு சேர்க்கிறது, இன்னொன்று பின் இம்ப்ரெஷனிசத்தில் வைக்கிறது, மூன்றாவது நூலோ கியூபிசத்தின் தந்தை என்கிறது. மூன்று கட்டங்களிலும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். எந்த இரண்டை அழிப்பது?

இதோடு சேர்ந்த ஐயங்கள் இன்னும் இரண்டு உள்ளன. ரூபன்ஸின் சதைப்பிடிப்பான, கொந்தளிக்கும் உருவங்களையும், ரெம்பிராண்டின் இருட்டில் அமைதியாக அமர்ந்திருக்கும் கிழவர்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், இரண்டையும் பரோக் என்ற ஒரே சொல் எப்படித் தாங்குகிறது என்று புரியவில்லை. அடுத்து, மானே, மோனே என்ற இருவரையும் ஒரே கட்டத்தில் எழுதுவது சரியா? ஓரெழுத்து வேறுபாட்டில் இருவர் இருப்பதால் கேட்பவர்கள் நிச்சயம் குழம்புவார்கள். எனக்கே இன்னும் குழப்பம் தீரவில்லை. தெரிந்தவர்கள் பொறுமையோடு விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: கோட்டைவெளி

அம்மா, ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் சற்று நீளமாகவே எழுதுகிறேன்; பொறுத்துக்கொள்ள வேண்டும். செசானின் பெயரை எங்கும் அழிக்காதீர்கள், மூன்று இடங்களிலும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த மூன்று உரிமைகளும் ஒரே வகைப்பட்டவை அல்ல.

முதல் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1874 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நகரில், நாதார் என்ற புகைப்படக் கலைஞர் காலி செய்திருந்த ஸ்டுடியோவில் ஏறக்குறைய முப்பது ஓவியர்கள் தங்கள் செலவில் ஒரு கண்காட்சியைத் திறந்தார்கள். அரசின் ஆதரவோடு நடந்த சலோன் என்ற பெருங்காட்சியின் தேர்வுக்குழுவை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் நம் ஊர் நெசவாளர் சங்கப் பலகையில் எழுதக்கூடியதைப் போல இருந்தது: ஓவியர், சிற்பி, செதுக்கோவியர் முதலானோரின் கூட்டுப் பங்குச் சங்கம். இம்ப்ரெஷனிசம் என்ற பேச்சே அப்போது கிடையாது. லெ ஹாவ்ர் துறைமுகத்தின் விடியலை மோனே 1872இல் தீட்டி, அதற்கு ‘மனப்பதிவு (பிரெஞ்சில் இம்ப்ரெஷன்), சூரிய உதயம்’ என்று தலைப்பிட்டிருந்தார். லூயி லெருவா என்ற பத்திரிகையாளர் அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, வெறும் மனப்பதிவைத் தீட்டும் கூட்டம் என்று ஒரு நகைச்சுவை இதழில் கேலியாக எழுதினார். கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1877இல் நடந்த மூன்றாம் கண்காட்சியில் அந்த ஓவியர்களே அதைத் தங்கள் பெயராக ஏற்றுக்கொண்டார்கள். 1874 காட்சியில் செசானின் ஓவியங்கள் மூன்று இருந்தன. 1877 காட்சியிலும் அவர் பங்கேற்றார். ஆகவே முதல் கட்டம், வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும் செய்தி.

இரண்டாம் கட்டம் அப்படிப்பட்டதன்று. 1910இல் இலண்டன் நகரில் ரோஜர் ஃபிரை என்ற ஆங்கிலேய விமர்சகர் பிரெஞ்சு ஓவியங்களைத் திரட்டிக் காட்சி வைத்தபோது, வேறு நல்ல சொல் கிடைக்காமல் ‘பின் இம்ப்ரெஷனிஸ்டுகள்’ என்று தலைப்பு வைத்தார். வான் கோ 1890இலும், சோரா 1891இலும், கோகான் 1903இலும், செசான் 1906இலும் இறந்துவிட்டார்கள். அந்தப் பெயரால் தாங்கள் அழைக்கப்படுவோம் என்று நால்வரில் ஒருவருக்கும் தெரியாது. ‘பின்’ என்ற முன்னொட்டு அவர்கள் காலத்தால் பிந்தியவர்கள் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. சோராவின் பொறுமையான புள்ளிகளையும் வான் கோவின் சுழலும் தீற்றல்களையும் ஒரு கூரையின் கீழ் வைத்தது காட்சி அமைப்பாளரின் வசதிதான்.

மூன்றாம் கட்டம் சீடர்களின் வழியாக வருவது. செசான் இறந்த மறு ஆண்டு, 1907இல், பாரிஸில் அவருடைய ஓவியங்களுக்கு ஒரு பெரும் நினைவுக் காட்சி நடந்தது. இளைஞர்களாக இருந்த பிக்காசோவும் பிராக்கும் அவரிடம் தாங்கள் தேடியதைக் கண்டார்கள். செசான் தம் சொந்த ஊரான எக்ஸுக்கு அருகிலுள்ள செயின்ட் விக்துவார் மலையை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பத் தீட்டியவர். மலை, மரம், வீடு எல்லாவற்றையும் சிறு சிறு வண்ணத் தளங்களாக அடுக்கிக் கட்டியவர். 1908இல் பிராக் அவ்வழியில் தீட்டிய நிலக்காட்சிகளைப் பார்த்த விமர்சகர் லூயி வோசெல், எல்லாவற்றையும் கனசதுரங்களாக, அதாவது ‘கியூப்’களாக, ஆக்கிவிட்டார் என்று எழுதினார். கியூபிசம் என்ற பெயரின் வேர் அந்த வரிதான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இயற்கையை உருளை, கோளம், கூம்பு ஆகியவற்றின் வழியே அணுகவேண்டும் என்று செசான் 1904இல் ஓர் இளம் ஓவியருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பட்டியலில் கனசதுரம் இல்லவே இல்லை! இதே வோசெல்தான் 1905இல் மத்தீஸ், டெரேன் ஆகியோரின் வண்ணங்களைக் கண்டு காட்டு விலங்குகள் என்ற பொருள்படும் ஃபாவ் என்ற சொல்லை எறிந்தவர். ஒரே மனிதரின் வாயிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் இரண்டு இயக்கங்களுக்குப் பெயர் பிறந்திருக்கிறது.

ஆக, யாரோடு சேர்ந்து காட்சி வைத்தார் என்று கேட்டால் முதல் கட்டம். பிறர் அவரை யாரோடு சேர்த்தார்கள் என்று கேட்டால் இரண்டாம் கட்டம். அவரிடம் யார் கற்றார்கள் என்று கேட்டால் மூன்றாம் கட்டம். நம் ஊரில் ஒரே ஆள் தெருவுக்குக் கணக்குப்பிள்ளை வீட்டுப் பேரனாகவும், பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகவும், பக்கத்து ஊருக்குச் சம்பந்தியாகவும் இருப்பதில்லையா?

மானேயின் சிக்கலும் இதே பதிவேட்டால் தீரும். இம்ப்ரெஷனிஸ்டுகள் 1874 முதல் 1886 வரை எட்டுக் கண்காட்சிகள் நடத்தினார்கள். எட்டிலும் பங்கேற்றவர் பிசாரோ ஒருவரே. மானே ஒன்றில்கூடப் பங்கேற்கவில்லை. 1863இல் சலோன் தள்ளிய ஓவியங்களுக்கென்று தனியே நடந்த காட்சியில் ‘புல்வெளியில் மதிய உணவு’ என்ற ஓவியத்தால் ஊரையே கொதிக்க வைத்தவர் அவர். ஆனாலும் வெற்றி பெறுவதானால் சலோனுக்குள்ளேயே பெறவேண்டும் என்ற பிடிவாதம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. வயதிலும் மோனேயைவிட எட்டாண்டு மூத்தவர். டெகாவோ இதற்கு நேர்மாறு: இம்ப்ரெஷனிஸ்ட் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது, வெயிலில் நின்று தீட்டுகிறவர்களைக் கிண்டல் செய்வார், ஆனால் எட்டுக் காட்சிகளில் ஏழில் இருந்தார். அட்டவணையில் மானேவுக்கு எதிரே ‘உறவினர், உறுப்பினர் அல்லர்’ என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும்.

பரோக் விஷயத்தில் உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. ஒழுங்கற்ற வடிவமுடைய முத்தைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பெயரும் பிற்காலத்தார் வைத்த ஏச்சுதான். கரவாஜியோ 1600ஐ ஒட்டி உரோம் நகரில் வரைந்தபோது, புராட்டஸ்டண்ட் எதிர்ப்புக்குப் பதில் சொல்ல முனைந்திருந்த கத்தோலிக்கத் திருச்சபைக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவரையும் உலுக்கக்கூடிய ஓவியங்கள் தேவைப்பட்டன. ஆன்ட்வெர்ப்பில் இருந்த ரூபன்ஸுக்கும் பெரிய பீட ஓவியங்களும் அரசவை வேலைகளும் வந்தன. ஆம்ஸ்டர்டாமின் ரெம்பிராண்டுக்கோ அந்தச் சந்தையே கிடையாது. அங்கே புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதியான கால்வின் வழிவந்த தேவாலயங்கள் ஓவியங்களை வைத்துக்கொள்வதில்லை. அவரிடம் வாங்கியவர்கள் வணிகர்கள், சங்கத்தார், நகரக் காவல் படையினர். மூவரையும் ஒரே சொல் கட்டுவது ஒளியைக் கொண்டுதான். ஒரு பக்கத்திலிருந்து பாயும் வெளிச்சம் ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துகிறது. மற்றதெல்லாம் இருளில் போகிறது. கரவாஜியோவின் ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ ஓவியத்தை ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினால், கூட்டத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அந்த ‘இரவுக் காவல்’ என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல். 1642இல் தீட்டப்பட்ட அது இரவுக் காட்சியே அன்று. மேலே பூசிய மெருகெண்ணெய் காலப்போக்கில் கறுத்ததால் பிற்காலத்தார் இரவு என்று எண்ணிப் பெயர் வைத்தார்கள். 1940களில் அந்த மெருகை நீக்கியபோது பகல் வெளிச்சம் தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. வேலூரைப் பற்றித் தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று சொல்லும் பழைய பேச்சு நினைவுக்கு வருகிறது. ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981இலேயே லிங்கம் மீண்டும் எழுந்தருளிவிட்டது. இருந்தும் அந்தப் பேச்சைச் சொல்கிறவர்கள் சாமி இல்லாத கோயில் என்பதை விடுவதாக இல்லை.

மறுமொழி 2: குடியாத்தம் தறி

ஐயா எழுதியதில் சோராவின் பெயர் ஒரு வரியோடு போய்விட்டது. தறி வீட்டில் பிறந்தவன் என்பதால் அவருக்காக நான் பேசவேண்டியிருக்கிறது. அம்மா தம் பேச்சில் இந்தக் கதையைச் சேர்த்துக்கொண்டால் நம் பக்கத்து மக்களுக்கு உடனே பிடிபடும்.

சோரா தமக்கு வேண்டிய அறிவியலை எடுத்துக்கொண்ட இடங்களுள் ஒன்று சாயப்பட்டறை. மிஷேல் செவ்ரெல் என்ற வேதியியலாளர் 1824இல் பாரிஸின் கோப்லன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கறுப்பு நூலில் அழுத்தம் இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், குறை எதுவும் இல்லை. பிறகுதான் கண்டுகொண்டார்: நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யும்போது அதே கறுப்பு வெளிறித் தெரிகிறது. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தின் மேல் தன் எதிர்நிறத்தைச் சாய்க்கிறது என்று அவர் விரிவாக எழுதிய நூல் 1839இல் வெளிவந்தது. அந்த மனிதர் 102 வயது வரை வாழ்ந்தார் என்பது கூடுதல் செய்தி.

என் தாத்தாவுக்கு இது அனுபவத்தால் தெரியும். லுங்கிக்குக் கட்டம் போடும்போது கருநீலத்தை ஒட்டிக் கறுப்பு வந்தால் இடையில் ஒரு வெள்ளை இழையாவது ஓட்டச் சொல்வார். ஒரு முறை ஒரு வியாபாரி, கறுப்பு செம்மண் அடித்திருக்கிறது என்று சொல்லிச் சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்தார். தாத்தா பதில் பேசவில்லை. அதே சாயத்தில் தோய்ந்த நூல் சிட்டம் ஒன்றை எடுத்துவந்து, வெள்ளை வேட்டியின் மேல் வைத்துக் காட்டினார். வியாபாரி சிட்டத்தையும் துணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு போனார். நீலத்தின் எதிர்நிறம் ஆரஞ்சு. நீலத்தை ஒட்டிய கறுப்பின் மேல் அந்தச் சாயல் விழுவதைத்தான் அவர் செம்மண் என்றார். செவ்ரெல் என்ற பெயரைத் தாத்தா கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

இப்போது சோராவுக்கு வருவோம். வண்ணங்களைத் தட்டில் குழைத்தால் அவை மங்கிவிடுகின்றன என்பதால், தனித் தனிப் புள்ளிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் பார்ப்பவரின் கண்ணே அவற்றைக் கலந்துகொள்ளும் என்று அவர் கருதினார். ஆரணிப் பட்டில் மயில்கழுத்து நிறம் எப்படி வருகிறது? நீலத்தில் பாவு (நீளவாட்டு இழை), பச்சையில் ஊடை (குறுக்கு இழை). மயில்கழுத்து என்று தனியாக ஒரு சாயம் தொட்டியில் கிடையாது. அது நம் கண்ணில் உண்டாகிறது. ஆனால் முழு ஒப்புமை என்று சொல்லிவிடக் கூடாது. பட்டு அசையும்போது ஒளி படும் கோணம் மாறி நிறமும் மாறும். சுவரில் மாட்டிய ஓவியத்துக்கு அந்த வசதி இல்லை. எட்டி நின்றால் சோராவின் புள்ளிகள் அவர் எதிர்பார்த்த அளவுக்குப் பளிச்சிடாமல் சற்றுச் சாம்பல் பூத்துத் தெரியும் என்பதையும் பலர் எழுதியிருக்கிறார்கள்.

‘லா கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு பிற்பகல்’ என்ற அவருடைய பெரிய ஓவியம் இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்டது. 1884இல் தொடங்கி ஏறக்குறைய இரண்டாண்டு உழைத்தார். தீவுக்குப் போய்ச் சிறு பலகைகளில் குறிப்பெடுத்தாலும், ஓவியத்தை அறைக்குள்தான் கட்டினார். இதில்தான் அவர் மோனேயிடமிருந்து பிரிகிறார். மோனே 1890, 1891 ஆண்டுகளில் தம் வீட்டுக்கு அருகே நின்ற கதிர்ப்போர்களை வெயில் மாற மாறப் புதுப்புதுச் சட்டங்களில் தீட்டியவர். ஒளி நகர்ந்தால் அடுத்த சட்டத்துக்குப் போய்விடுவார். சோராவுக்கு வெயில் நகர்ந்தால் கவலை இல்லை, கணக்கு கையில் இருந்தது. அந்தப் பெரிய ஓவியம் 1886இல் எட்டாம் கண்காட்சியில், அதாவது இம்ப்ரெஷனிஸ்டுகளின் கடைசிக் காட்சியில் தொங்கியது. மோனேயும் ரெனுவாரும் அதில் பங்கேற்கவில்லை. முதியவரான பிசாரோ மட்டும் தம் மகன் வயதுடைய சோராவின் முறையைத் தாமும் கற்றுக்கொண்டு, அந்த ஆண்டு புள்ளி ஓவியங்களையே காட்சிக்கு வைத்தார். பிசாரோவையும் இரண்டு கட்டங்களில் எழுதிக்கொள்ளுங்கள் அம்மா.

மறுமொழி 3: ஆற்காடு தூரிகை

ஃபிளெக்ஸ் வருவதற்கு முன் கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதிப் பிழைத்தவன் நான். மேலே எழுதியவர்களைப் போல நான் நூல்களைக் கரைத்துக் குடித்தவன் அல்லன். ஆனால் இந்த இயக்கங்களில் பாதியைக் கைவேலையாகப் பார்த்தாலே விளங்கும் என்பது என் எண்ணம்.

மறுமலர்ச்சி ஓவியர்கள் சிறு வரைபடத்தைக் கட்டம் போட்டுச் சுவருக்குப் பெரிதாக்கினார்கள். முப்பதடிச் சுவரில் முகம் எழுதும்போது நாங்களும் அதைத்தான் செய்தோம். இத்தாலிய அறிஞர் ஆல்பெர்ட்டி 1435இல் எழுதிய ஓவிய நூலில், நூல் கட்டங்கள் கொண்ட மெல்லிய திரையின் வழியே பொருளைப் பார்த்து வரையச் சொல்கிறார். இம்ப்ரெஷனிஸ்டுகள் வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் போய்த் தீட்ட முடிந்ததற்கு ஒரு காரணம் தகரக் குழாய். ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841இல் அதற்கு உரிமம் பெற்றார்; அதற்கு முன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். அதைப் பிரித்தால் மீண்டும் மூடுவது கடினம், வண்ணம் காய்ந்துவிடும். அமெரிக்காவின் ஜாக்சன் பொல்லாக் 1947 முதல் துணியைத் தரையில் விரித்து, சுவருக்கும் கதவுக்கும் அடிக்கும் எனாமல் பெயின்டையே மேலிருந்து ஒழுகவிட்டார். எனாமல் எப்படி இழுபடும், எப்போது திரளும் என்று தெரிந்த கைக்கு அந்தப் படங்களில் தற்செயல் என்று தோன்றுவதில் பெரும்பகுதி பழக்கம் என்று தெரியும்.

விளம்பரங்களையும் கடைச் சரக்குகளையும் ஓவியமாக்கிய பாப் ஆர்ட் ஓவியர்களில் ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட் நியூயார்க் நகரில் விளம்பரப் பலகை எழுதும் தொழிலிலிருந்து வந்தவர். எங்கள் ஆள்! ஆண்டி வார்ஹால் 1962இல் ஒரு கம்பெனியின் சூப் டப்பாவை வகைக்கு ஒன்றாக 32 சட்டங்களில் வரைந்து வரிசையாக வைத்தார். குடியாத்தம் தீப்பெட்டி மேலட்டைகளை அப்படி 32 சட்டங்களில் வைத்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததுண்டு. மேலட்டைப் படத்தை முதலில் எழுதிய கைக்குப் பெயர் இல்லை, அதைத் திரும்ப எழுதுகிறவருக்குப் பெயர் உண்டு. அது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அம்மா கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 4: வாலாஜா மாணவன்

கோட்டைவெளி ஐயாவிடம் ஒரு மாறுபட்ட கருத்தைப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன். இயக்கப் பெயர்களெல்லாம் பிறர் ஒட்டிய சீட்டு என்ற எண்ணம் அவருடைய மறுமொழியைப் படிப்பவருக்கு எழக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு அது பொருந்தும். பிரெஞ்சு ஓவியர் கூர்பே 1855இல் தனிக் கொட்டகை போட்டு ‘யதார்த்தவாதம்’ என்று பலகை மாட்டியபோதுகூட, அந்தப் பட்டம் தம் மேல் சுமத்தப்பட்டது என்றே எழுதினார். ஆனால் அதற்கு முன்பே, 1848இல், இலண்டன் இளைஞர்கள் எழுவர் ரஃபேலுக்கு முந்தையோர் சகோதரத்துவம் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டி, ஓவியங்களில் அதன் முதலெழுத்துகளையும் பொறித்தார்கள். 1905இல் டிரெஸ்டன் நகரில் கட்டடக்கலை மாணவர் நால்வர் ‘பாலம்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். உள்ளுணர்ச்சியை அழுத்தமாக வெளிப்படுத்தும் எக்ஸ்பிரஷனிசம் என்று நாம் சொல்வதன் ஒரு கிளை அதுவே.

1909 பிப்ரவரி 20 அன்று இத்தாலியக் கவிஞர் மரினெட்டி, வேகத்தையும் இயந்திரத்தையும் போற்றிய ஃபியூச்சரிசத்தின் அறிக்கையைப் பாரிஸ் நாளேடு ஒன்றின் முதற்பக்கத்தில் வெளியிட்டதிலிருந்து முறையே மாறிவிடுகிறது. அங்கே அறிக்கை முதலில் வருகிறது. அந்த இயக்கத்தின் பெயர் சொல்லும் ஓவியங்கள் பிறகுதான் வருகின்றன. 1916இல் சூரிச் நகரில், போருக்கு அஞ்சியும் போரை வெறுத்தும் வந்து சேர்ந்தவர்கள் ஒரு சிறு அரங்கில், கலை மரபுகளையே கேலி செய்த தாதா என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1924இல் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன், கனவையும் ஆழ்மனத்தையும் கலைக்குப் பொருளாக்கிய சர்ரியலிசத்தின் அறிக்கையை எழுதினார். இவற்றில் உறுப்பினர் யார், யார் அல்லர் என்பது வெளிப்படையான விஷயம். பிரெத்தோன் ஆட்களைக் கட்சியிலிருந்து நீக்குவதைப் போல நீக்கினார். சர்ரியலிசம் என்றவுடன் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் டாலியையே பின்னர் விலக்கினார். ஆகவே அம்மாவின் அட்டவணையில் நான்காவதாக ஒரு பத்தி வேண்டும்: பெயரை வைத்தவர் யார், பகைவரா, வரலாற்றாசிரியரா, ஓவியர்களே தாமா? தேர்வுக்குப் படிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அட்டவணை இல்லாமல் ஒரு நாளும் கழியாது. அதைக் கிழிக்கச் சொல்லாமல் இருந்தமைக்கு ஐயாவுக்கு நன்றி.

இந்தப் பெயர்கள் நம் நாட்டுக்கு வெகு காலம் கழித்து வந்தவை என்றும் எண்ண வேண்டாம். 1922 டிசம்பரிலேயே கல்கத்தாவில் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியைச் சேர்ந்த கண்டின்ஸ்கி, பால் கிளே ஆகியோரின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

கேள்வி கேட்டவரின் பதில்: காட்பாடி வாசகி

நான் ஒரு கேள்வி கேட்டேன். ஒரு மாதத்துக்கான படிப்பு கிடைத்திருக்கிறது. அனைவருக்கும் நன்றி. தம்பி சொன்ன நான்காம் பத்தியைப் போட்டுப் பார்த்தேன். பகைவர் வைத்த பெயர் என்ற வரிசையில் இம்ப்ரெஷனிசம், ஃபாவிசம், கியூபிசம், பரோக் என்று நான்கு உடனே விழுந்தன. மறுமலர்ச்சி எந்த வரிசை என்று தெரியாமல் நிறுத்தியிருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். இம்ப்ரெஷனிசத்தை மனப்பதிவியல் என்றும், சர்ரியலிசத்தை மீயதார்த்தவாதம் என்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தில் எதைச் சொல்வது?

மறுமொழி 5: கோட்டைவெளி

வாலாஜா தம்பியின் திருத்தத்தை மனமார ஏற்கிறேன். என் பேச்சு 1908இலேயே நின்றுவிட்டது.

மறுமலர்ச்சி என்பது புகழ்ந்தவர் வைத்த பெயர். வசாரி என்ற ஓவியர் 1550இல் இத்தாலியக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை நூலாக வெளியிட்டபோது, பண்டைய உரோமின் கலை தம் நாட்டில் மீண்டும் பிறந்தது என்ற கருத்தை அதில் வைத்தார். தமக்கு முந்திய கட்டடக்கலையை வடக்கிலிருந்து வந்த கோத்தியரோடு சேர்த்து இகழ்ந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. கோதிக் என்ற சொல்லின் கதை அது. மேற்கில் ஓவியர் பெயரைக் கொண்டே கலை வரலாற்றைச் சொல்லும் பழக்கம் அந்த நூலால் வலுப்பெற்றது. அதே பதினாறாம் நூற்றாண்டில்தான் நம் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்களைச் செதுக்கினார்கள். அதை நாம் விஜயநகரப் பாணி என்று அரசின் பெயரால் அழைக்கிறோம். உளி பிடித்தவர் யார் என்று கேட்பதில்லை.

தமிழ்ச் சொற்களைப் பொறுத்தவரை, மறுமலர்ச்சி, யதார்த்தவாதம் இரண்டும் வேரூன்றிவிட்டன. அவற்றைத் தயங்காமல் சொல்லலாம். இம்ப்ரெஷனிசம், கியூபிசம், ஃபாவிசம் போன்றவை பொருளுக்காக ஏற்பட்ட பெயர்கள் அல்ல, ஒரு நாள் ஒருவர் செய்த கேலியிலிருந்து வந்தவை. அவற்றை அப்படியே சொல்லி, கேலியின் கதையைத் தமிழில் விளக்குவதே கேட்பவருக்கு எளிது என்பேன். மனப்பதிவியல் என்ற சொல்லைக் கேட்டதும் உளவியல் பாடம் என்று எண்ணிய மாணவரை நான் கண்டிருக்கிறேன்.

மறுமொழி 6: குடியாத்தம் தறி

அம்மா, கூட்டத்தன்று கறுப்பு நூல் சிட்டம் இரண்டு, கருநீலத் துண்டு ஒன்று, வெள்ளைத் துண்டு ஒன்று, ஒரு சாண் மயில்கழுத்துப் பட்டு ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்புகிறேன். முதலில் துண்டுகளைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிட்டத்தை வைத்துவிட்டு, எது நல்ல கறுப்பு என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொன்ன பிறகு இரண்டும் ஒரே தொட்டியில் தோய்ந்தவை என்று சொல்லிவிட்டு, சோராவின் படத்தைக் காட்டத் தொடங்கலாம்.